எலும்பு உயிருள்ளதா? 300 எப்படி 206 ஆகிறது?

பிறக்கும்போது 300 எலும்பு, வளர்ந்த பிறகு 206 என்கிறார்களே, மீதி எங்கே போகிறது? எலும்பு உயிருள்ளதா, இல்லை உடம்புக்குள் இருக்கும் வெறும் தாங்குகட்டையா? உடைந்து கூடிய இடம் முன்பைவிடப் பலமாகிவிடும் என்பது உண்மையா? கேட்கப்பட்டவை இந்த மூன்றும்தான். மூன்றுக்கும் வேர் ஒன்றே. எலும்பு தன்னைத் தானே ஓயாமல் கரைத்துக்கொண்டும் புதிதாகக் கட்டிக்கொண்டும் இருக்கிற திசு. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். பாடப்புத்தகத்தில் பெயர்ப் பட்டியல் முன்னாலும் இந்த விஷயம் கடைசியிலும் வருவதால்தான் பலருக்கும் எலும்புப் பாடம் கசக்கிறது என்பது என் எண்ணம்.

சரி, எண்ணிக்கையில் ஆரம்பிப்போம். பச்சிளம் குழந்தையின் உடலில் 270 முதல் 300 வரை எலும்புத் துண்டுகள் இருக்கும். அவற்றில் எதுவும் காணாமல் போவதில்லை, பல துண்டுகள் ஒன்றுசேர்ந்து ஒரே எலும்பாகிவிடுகின்றன. நெற்றி எலும்பு பிறக்கும்போது இரண்டு பாதி. கீழ்த்தாடையும் அப்படித்தான், முதல் வயது முடிவதற்குள் நடுவில் கூடிவிடும். இடுப்பெலும்பு ஒவ்வொரு பக்கமும் மூன்று துண்டாக இருந்து, தொடை எலும்பின் தலை உட்காரும் கிண்ணத்தில் மூன்றும் சந்தித்து, பதின்ம வயதில் ஒன்றாகிறது. முதுகெலும்பின் அடியில் இருக்கும் ஐந்து முள்ளெலும்புகள் சேர்ந்து திரிக எலும்பு என்ற ஒற்றை எலும்பாக மாற இருபதுகளின் நடுப்பகுதி வரைகூட ஆகும்.

மண்டையோடு மட்டும் ஏன் இத்தனை துண்டுகளாக, நடுநடுவே இடைவெளியோடு பிறக்கிறது? பிரசவத்தின்போது தலை குறுகிய வழியாக வர வேண்டும், தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று லேசாக ஏறிக்கொள்ள இடம் வேண்டும். பிறந்த பிறகு மூளை வேகமாக வளர்கிறது, அதற்கும் இடம் வேண்டும். குழந்தையின் தலையில் துடிப்பது தெரியும் உச்சிக்குழி அந்த இடைவெளிகளில் பெரியது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றரை வயதுவாக்கில் மூடிவிடும்.

206 என்ற எண்ணை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது வழக்கம். உடலின் நடு அச்சில் 80: மண்டையோட்டிலும் முகத்திலும் 22, இரண்டு காதுக்குள்ளும் சேர்த்து 6, நாவடி எலும்பு 1, முதுகெலும்புத் தொடரில் 26, விலா எலும்புகள் 24, மார்பெலும்பு 1. மீதி 126 கை கால்களிலும் அவற்றைத் தாங்கும் தோள், இடுப்பு வளையங்களிலும் இருக்கின்றன. ஒரு கையில், அதாவது மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை, 27. ஒரு பாதத்தில் 26. இரண்டு கை, இரண்டு பாதம் கூட்டினால் 106. மொத்த எலும்புகளில் பாதிக்கு மேல் இந்த நான்கு இடங்களில்தான் கிடக்கின்றன. உடலில் எங்கே நுணுக்கமான அசைவு தேவையோ அங்கே எலும்புகள் சிறிதாகவும் நிறையவும் இருக்கும். எங்கே பாரம் தாங்க வேண்டுமோ அங்கே குறைவாகவும் பெரிதாகவும் இருக்கும்.

206 எல்லோருக்கும் பொருந்தும் கணக்கும் கிடையாது. சிலருக்குக் கழுத்தில் ஒரு கூடுதல் விலா எலும்பு இருக்கும். சிலருக்கு இடுப்புப் பகுதியில் ஐந்துக்குப் பதில் ஆறு முள்ளெலும்புகள் இருக்கும். மண்டையோட்டுத் தட்டுகள் ஒன்றோடொன்று கூடும் தையல் போன்ற கோடுகளுக்கு நடுவே குட்டி எலும்புகள் கிடப்பதும் உண்டு. பெரும்பாலும் இதனால் எந்தத் தொல்லையும் வராது, வேறு எதற்காகவோ எடுத்த எக்ஸ்ரேயில் தற்செயலாகத் தெரியவரும்.

எல்லாவற்றிலும் சிறியது காதுக்குள் இருக்கும் அங்கவடி எலும்பு, 3 மில்லிமீட்டர் அளவுதான். நீளமானது தொடை எலும்பு. நாவடி எலும்பு வேறு எந்த எலும்போடும் மூட்டாகச் சேராமல் தொண்டையில் தசைகளிலும் நார்களிலும் தொங்குகிறது. எனக்குப் பிடித்தது மார்பெலும்பிலிருந்து தோள் வரை குறுக்கே ஓடும் காறை எலும்பு. கருவில் ஐந்தாவது, ஆறாவது வாரத்திலேயே முதலாவதாக எலும்பாக ஆரம்பிப்பது அதுதான். ஆனால் மார்பெலும்பை ஒட்டிய அதன் முனை முழுதாகக் கூடி முடிய இருபதுகளின் நடுப்பகுதியோ அதற்குச் சற்று மேலோ ஆகிவிடும். முதலில் தொடங்கிக் கடைசியில் முடிப்பது. அதனால்தான் இளவயதினரின் எலும்பை வைத்து வயதைக் கணிக்கும் தடயவியல் நிபுணர்கள் இந்த முனையை விடாமல் பார்க்கிறார்கள்.

அடுத்து, எலும்பு எதனால் ஆனது? எடையில் ஏறக்குறைய 60 முதல் 65 சதவீதம் தாது. கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்சிஅபடைட் என்ற படிகம். 20 முதல் 25 சதவீதம் கரிமப் பொருள், அதில் பத்தில் ஒன்பது பங்கு கொலாஜன் என்ற புரத நார். மீதி தண்ணீர். இதைப் படித்து மனப்பாடம் செய்வதைவிடக் கையால் தொட்டுப் பார்த்துவிடலாம். சமைத்த கோழியின் கால் எலும்பு ஒன்றைச் சுத்தமாகக் கழுவி வினிகரில் ஊறப்போடுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வினிகரை மாற்றுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் எடுத்துப் பார்த்தால் வடிவம் அப்படியே இருக்கும், ஆனால் வளைத்தால் ரப்பர் போல வளையும். அமிலம் தாதுவைக் கரைத்துவிட்டது, கொலாஜன் மட்டும் நிற்கிறது. இதற்கு நேர்மாறாக, எலும்பை நன்றாகச் சுட்டால் கொலாஜன் எரிந்துபோகும். அப்போதும் வடிவம் மாறாது, விரலால் அழுத்தினால் பொடிப்பொடியாக நொறுங்கும். தாது நசுங்காமல் காக்கிறது, கொலாஜன் இழுத்தாலும் முறுக்கினாலும் பிய்ந்துபோகாமல் காக்கிறது. இரண்டும் நானோமீட்டர் அளவில் பின்னிக் கிடப்பதால்தான் எலும்பு இரண்டையும் தாங்குகிறது. இருந்தாலும் அழுத்தத்தைத் தாங்கும் அளவுக்கு இழுவையைத் தாங்காது, முறுக்கை அதைவிடக் குறைவாகவே தாங்கும். பாதத்தை ஊன்றியபடி உடம்பு திரும்பிவிடும்போது கால் எலும்பு சுழல் வடிவில் முறிவது இதனால்தான்.

பிறவியிலேயே கொலாஜன் சரியாக உருவாகாத குழந்தைகளுக்கு லேசாகப் பட்டாலே எலும்பு முறியும், அவர்களுக்குக் கால்சியம் எவ்வளவு இருந்தும் பயனில்லை. வைட்டமின் டி இல்லாமல் தாது சரியாகப் படியாத குழந்தைகளுக்குக் கால் எலும்புகள் வளைந்துபோகும், அதுதான் ரிக்கெட்ஸ். வினிகர் கிண்ணத்திலும் அடுப்பிலும் பார்த்த இரண்டு நிலைகளின் சாயலை இந்த இரண்டு நோய்களிலும் பார்க்கலாம்.

தொடை எலும்பை நெடுக்காக அறுத்துப் பார்த்தால் இரண்டு வகை எலும்பு தெரியும். நடுத்தண்டின் சுவர் தந்தம் போலக் கெட்டியாக இருக்கும், உள்ளே குழல். இது கெட்டி எலும்பு. மேல்நுனியிலும் கீழ்நுனியிலும் மெல்லிய ஓட்டுக்குள் வலை வலையாக, ஓட்டை ஓட்டையாக இருப்பது பஞ்செலும்பு. பெயர்தான் பஞ்சு, தொட்டால் கடினமாகத்தான் இருக்கும். மொத்த எலும்புப் பொருளில் 80 சதவீதம் கெட்டி எலும்பு. ஆனால் பஞ்செலும்பின் பரப்பு மிக அதிகம் என்பதால் கரைவதும் கட்டுவதும் அங்கேதான் வேகமாக நடக்கும்.

கெட்டி எலும்பின் குறுக்குவெட்டை ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து மெல்லியதாக்கி நுண்ணோக்கியில் வைத்தால், முதல் பார்வையிலேயே மனம் அங்கே நின்றுவிடும். வட்டத்துக்குள் வட்டம், அதற்குள் வட்டம், நடுவில் ஒரு துளை. அந்தத் துளை வழியாகத்தான் உயிரோடிருந்தபோது ரத்தக்குழாயும் நரம்பும் போயின. 1691இல் இதைப் பற்றி எழுதிய ஆங்கில மருத்துவர் கிளாப்டன் ஹேவர்ஸின் பெயரால் அதை ஹேவர்சியன் கால்வாய் என்கிறோம். சுற்றியுள்ள வளையங்களோடு சேர்த்து ஒரு தொகுதி ஆஸ்டியான். அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு வளையத்திலும் கொலாஜன் நார்கள் ஒரு திசையில் ஓடினால் அடுத்த வளையத்தில் வேறு திசையில் ஓடும், ஒரு வளையத்தில் விழுந்த விரிசல் அடுத்ததில் எளிதாகத் தொடர முடியாது. வளையங்களுக்கு நடுவே சின்னச் சின்னக் கருப்புப் புள்ளிகள் இருக்கும், ஒவ்வொன்றிலிருந்தும் மயிரிழை போன்ற கோடுகள் எல்லாப் பக்கமும் கிளம்பி அடுத்த புள்ளியின் கோடுகளைத் தொடும். அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றும் ஒரு செல் குடியிருந்த அறை, அந்தக் கோடுகள் செல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்ட வழி. ரத்தத்திலிருந்து வரும் உணவு தாது வழியாக ஊறிப் போக முடியாது, இந்த இழைவழிகள் வழியாகத்தான் செல்லிலிருந்து செல்லுக்குக் கைமாறுகிறது. எலும்பு உயிருள்ளதா என்று கேட்பவருக்கு நான் முதலில் காட்ட விரும்புவது இந்தக் காட்சியைத்தான்.

உயிருள்ளது என்பதற்கு முதல் கண்கூடான சான்று கிடைத்த விதம் சுவையானது. லண்டன் அறுவை மருத்துவர் ஜான் பெல்ச்சியர் ஒரு விருந்தில் பரிமாறப்பட்ட பன்றியின் எலும்புகள் சிவப்பாக இருப்பதைக் கவனித்தார். விருந்து கொடுத்தவர் துணிக்குச் சாயமேற்றும் தொழில் செய்பவர், அந்தப் பன்றிகள் மஞ்சிட்டி வகைச் செடியின் சாயத்தில் ஊறிய தவிட்டைத் தின்று வளர்ந்தவை. இதை அவர் 1736இல் வெளியிட்டார். பிரான்சில் துயமெல் என்பவர் அதைப் பிடித்துக்கொண்டு, விலங்குகளுக்குச் சில காலம் அந்தச் சாயம் கலந்த தீனி, சில காலம் வெறும் தீனி என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார். எலும்பில் சிவப்பும் வெள்ளையும் அடுக்கடுக்காகப் படிந்திருந்தன. புதிதாகப் படியும் தாது மட்டும்தான் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆக, தின்ற தீனி எலும்பில் அடுக்காக எழுதப்பட்டுவிட்டது.

இந்த வேலையைச் செய்யும் செல்கள் மூன்று வகை. கட்டுவது ஆஸ்டியோபிளாஸ்ட்: கொலாஜனைச் சுரந்து விரித்து, அதன்மேல் தாது படியவைக்கும். கட்டிக்கொண்டே போகும்போது அவற்றில் சில தாம் கட்டியதற்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அவைதான் ஆஸ்டியோசைட், மேலே சொன்ன அறைகளில் குடியிருப்பவை. எலும்பில் உள்ள செல்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இவையே, பல பத்தாண்டுகள்கூட உயிரோடிருக்கும். மூன்றாவது ஆஸ்டியோகிளாஸ்ட், இது கரைப்பது. ரத்தத்தின் ஒற்றைக்கரு வெள்ளணுக்களின் வழியில் வந்து, பல செல்கள் ஒன்றாகச் சேர்ந்து உருவாகும் பெரிய செல். எலும்புப் பரப்பில் ஒட்டிக்கொண்டு விளிம்பை இறுக்கமாக மூடி, அந்தச் சிறு இடத்துக்குள் அமிலத்தைச் சுரந்து தாதுவைக் கரைக்கும், நொதியால் கொலாஜனை அறுக்கும். எழுந்து நகர்ந்தால் அந்த இடத்தில் ஒரு சிறு குழி இருக்கும். பிறகு ஆஸ்டியோபிளாஸ்ட்கள் வந்து அந்தக் குழியை நிரப்பும்.

குடியிருந்துகொண்டே வீட்டை அறை அறையாக இடித்துக் கட்டுவது போன்ற வேலை இது. பெரியவர்களின் எலும்பில் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு இப்படிப் புதிதாகிறது. ஒரு குழியைக் கரைக்க இரண்டு மூன்று வாரம் போதும், நிரப்ப மூன்று நான்கு மாதம் வேண்டும். இந்த நேர வித்தியாசத்தை நினைவில் வையுங்கள். மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறையும்போது கரைக்கும் செல்கள் ஒரே சமயத்தில் பல இடங்களில் வேலையை ஆரம்பித்துவிடும், கட்டுபவை பின்தங்கிவிடும். எலும்பு மெலிவு நோய் எனப்படும் ஆஸ்டியோபோரோசிஸ் அந்த வயதுப் பெண்களிடம் வேகமாக வருவதற்கு இதுதான் காரணம். முழங்கால் மூட்டு தேய்ந்து வலிப்பது வேறு நோய், அங்கே முதலில் பாதிக்கப்படுவது எலும்பின் முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு. எலும்பு மெலிவில் வலியே இருக்காது, முறியும்வரை தெரியாமலேகூடப் போகலாம். இரண்டையும் குழப்பிக்கொண்டு, முழங்கால் வலிக்குக் கால்சியம் மாத்திரை தேடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

கரைக்கும் செல்லைக் கெட்டது என்று நினைத்துவிட வேண்டாம். அது வேலை செய்யாமல் போகும் ஒரு அரிய பிறவி நோய் உண்டு, ஆஸ்டியோபெட்ரோசிஸ். எக்ஸ்ரேயில் எலும்பு வெள்ளை வெளேரென்று அடர்த்தியாகத் தெரியும். ஆனால் பழைய பொருள் மாற்றப்படாமல் கிடப்பதால் எளிதில் முறியும். மஜ்ஜை இருக்க வேண்டிய இடமெல்லாம் எலும்பால் அடைபட்டு ரத்தசோகை வரும். நரம்புகள் போகும் துளைகள் சுருங்கிப் பார்வையும் கேட்கும் திறனும்கூடப் போகலாம். மஜ்ஜையைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன்: பெரியவர்களுக்கு முள்ளெலும்புகள், இடுப்பெலும்பு, மார்பெலும்பு, விலா, மண்டையோடு, தொடை, மேற்கை எலும்புகளின் மேல்முனை ஆகியவற்றில் இருக்கும் சிவப்பு மஜ்ஜை, நொடிக்கு ஏறக்குறைய 20 லட்சம் சிவப்பணுக்களை உருவாக்குகிறது.

எங்கே கரைக்க வேண்டும், எங்கே கட்ட வேண்டும் என்பதை யார் சொல்வது? பெரும்பாலும் பாரம்தான். 1866இல் சூரிச்சில் உடற்கூறியல் பேராசிரியர் ஹெர்மன் ஃபான் மையர், தொடை எலும்புத் தலையை அறுத்து உள்ளே இருக்கும் பஞ்செலும்பின் இழைகளைக் காட்டினார். அதைப் பார்த்த பொறியாளர் கார்ல் கல்மான் திகைத்துப்போனார். வளைந்த பாரந்தூக்கி ஒன்றில் அழுத்தமும் இழுவையும் எந்தக் கோடுகளில் ஓடும் என்று அவர் வரைந்துவந்த படமும் இதுவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. ஜெர்மன் அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் இதை விரித்து, பாரம் மாறினால் எலும்பின் அமைப்பும் மாறும் என்று 1892இல் எழுதினார். அவர் கணித விதி போல வைத்தது அப்படியே நிற்கவில்லை, ஆனால் அடிப்படை நிற்கிறது. டென்னிஸ் வீரர்களின் மட்டை பிடிக்கும் கை எலும்பு மற்றக் கையைவிடத் தடித்திருக்கும். விண்வெளியில் எடையற்று மிதப்பவர்கள் தக்க பயிற்சி இல்லாவிட்டால் இடுப்புப் பகுதி எலும்பை மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை இழக்கிறார்கள். நெடுநாள் படுக்கையில் இருப்பவர்களுக்கும் இது நடக்கும். எலும்பு லேசாக வளையும்போது இழைவழிகளில் உள்ள திரவம் நகர்கிறது, ஆஸ்டியோசைட்கள் அதை உணர்ந்து மற்ற இரண்டு வகைச் செல்களுக்கும் சேதி அனுப்புகின்றன. அசைவில்லாத புதைந்த செல்கள்தான் இங்கே மேற்பார்வையாளர்கள்.

பாரம் சொல்வதை மீறி இன்னொரு கட்டளையும் வரும், அது ரத்தத்திலிருந்து. உடலின் கால்சியத்தில் 99 சதவீதம், ஏறக்குறைய ஒரு கிலோ, எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மீதி மிகச் சிறு பங்குதான் ரத்தத்திலும் மற்ற திசுக்களிலும். ஆனால் இதயம் துடிக்கவும் தசை சுருங்கவும் நரம்பு சேதி கடத்தவும் அந்தச் சிறு பங்கு துல்லியமாக இருந்தாக வேண்டும். ரத்தத்தில் அது சற்றுக் குறைந்ததும் தைராய்டுக்குப் பின்னால் இருக்கும் சிறு பாராதைராய்டு சுரப்பிகள் ஹார்மோனை அனுப்பும். சிறுநீரில் கால்சியம் வீணாகாமல் சிறுநீரகம் நிறுத்தும், வைட்டமின் டி செயல்வடிவம் பெற்றுக் குடலை அதிகம் உறிஞ்சச் சொல்லும், எலும்பு கரையத் தொடங்கும். உணவில் கால்சியம் தொடர்ந்து குறைந்தாலும் ரத்தப் பரிசோதனையில் அளவு சரியாகவே காட்டுவது இதனால்தான். பற்றாக்குறையை எலும்பு தன் கையிலிருந்து கொடுத்து ஈடுகட்டிக்கொண்டிருக்கும்.

நீளமாக வளர்வது தனி ஏற்பாடு. நீண்ட எலும்பின் முனைக்கருகில் குருத்தெலும்பாலான வளர்தட்டு இருக்கும். அங்கே குருத்தெலும்புச் செல்கள் பெருகிப் பெருத்து மடிய, அந்த இடத்தில் எலும்பு படியும். பருவமடைந்த பிறகு இந்தத் தட்டே எலும்பாகி மூடிவிடும், பெண்களுக்குச் சற்று முன்னதாக. அதற்குப் பிறகு எந்த மருந்தும் பானமும் உயரத்தைக் கூட்டாது. ஆனால் அடர்த்தி இருபதுகளின் கடைசி வரை ஏறும், அங்கே எட்டும் உச்சம்தான் முதுமைக்கான இருப்பு.

இனி மூன்றாவது கேள்வி. எலும்பு முறிந்ததும் கிழிந்த ரத்தக்குழாய்களிலிருந்து ரத்தம் கசிந்து அங்கே உறையும். எலும்பைப் போர்த்தியிருக்கும் உறையில் நரம்புகள் அதிகம், முறிவின் கடும் வலிக்கு அதுவும் ஒரு காரணம். அப்புறம் இரண்டு மூன்று வாரத்தில் நாரும் குருத்தெலும்பும் சேர்ந்த மென்மையான இணைப்பு ஒன்று இரு முனைகளையும் பிடித்துக்கொள்ளும். அடுத்த சில வாரங்களில் அது அவசரமாகப் பின்னப்பட்ட, ஒழுங்கற்ற எலும்பாக மாறும். எக்ஸ்ரேயில் முறிவைச் சுற்றி ஒரு புடைப்பாகத் தெரிவது இதுதான். பலமாகிவிடும் என்ற நம்பிக்கை இந்தப் புடைப்பைப் பார்த்து வந்திருக்க வேண்டும், அப்போது அந்த இடம் உண்மையிலேயே தடிமன்தான். ஆனால் பின்னர் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், கரைக்கும் செல்கள் தேவையற்றதைக் கரைத்து, கட்டும் செல்கள் ஒழுங்கான வளையங்களைக் கட்டி, அதைப் பழைய வடிவத்துக்கு நெருங்கக் கொண்டுவந்துவிடும். தோலில் வெட்டுக்காயம் ஆறினால் தழும்பு நிற்கும். எலும்பு தழும்பால் ஒட்டுப்போடாமல் மீண்டும் எலும்பாகவே கூடுகிறது, உடலில் வெகு சில திசுக்களே இப்படிச் செய்யும். ஆகவே முறிந்த இடம் நிரந்தரமாக முன்பைவிடப் பலமாவதில்லை. நன்றாகக் கூடினால் முன்பிருந்த பலத்துக்குத் திரும்பும். அதே சமயம், மாவுக்கட்டுக்குள் வாரக்கணக்கில் பாரமில்லாமல் கிடந்த சுற்றுப்புற எலும்பு சற்று மெலிந்திருக்கும். கட்டுப் பிரித்ததும் பழையபடி ஓடியாடாமல், மருத்துவரும் இயன்முறை சிகிச்சையாளரும் சொல்கிற அளவில் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டச் சொல்வது அந்த மெலிந்த எலும்புக்காகவும்தான்.